சாம்பல் நிறத்தில் ஒரு பெயர்

சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போன றிப்தி, ஒரு கிழமையாகியும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இத்தனைக்கும் ஸஜ்ஜாத் சொன்னது ஒரேயொரு பேச்சுத்தான். "இது என்ட பெஞ்சாதிட வூடு. இருக்கிறதெண்டா சத்தமில்லாம இரி." சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் நாக்கைக் கடித்தது வாய்க்குள்ளே நடந்த காரியம். மச்சினனுக்கு அது எப்படித் தெரியும்?

வீடு அவன் மனைவி ஹுஸ்னியாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. ஊர் வழக்கம் அது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஸஜ்ஜாத்தும் அப்படித்தான் கிண்ணியாவிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தான். ஹுஸ்னியாவின் உம்மா லைலாவும் தம்பி றிப்தியும் அதே வீட்டில்தான். வாப்பா மௌத்தான பிறகு அவர்கள் வேறெங்கே போவார்கள்? இது யாருடைய வீடு என்று ஒருவரும் ஒருவரையும் கேட்டதில்லை, போன கிழமை வரைக்கும்.

ஹுஸ்னியா அன்று வாயே திறக்கவில்லை. புருஷனுக்காகப் பேசினால் தம்பி நோவான், தம்பிக்காகப் பேசினால் புருஷன் முகம் கறுக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் தம்பி வாசல் படலையைத் தாண்டிவிட்டான். அந்த வெட்கம் அவளை இன்னும் விட்டபாடில்லை.

இன்று காலையும் குசினியிலிருந்து லைலாவின் குரல் வந்தது.

"மருமகனுக்குத் தேத்தண்ணி வச்சிரிக்கு. ஆறப்போகுது எண்டு சொல்லு மகள்."

மருமகன் குசினி வாசலுக்குப் பக்கத்தில்தான் கதிரையில் இருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான். மாமியார் மருமகன் முகம் பார்த்துப் பேசுகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. மகளுக்குச் சொன்னால் மருமகனுக்குச் சொன்ன மாதிரி. ஸஜ்ஜாத்தும் மறுமொழியை மனைவியிடமே கொடுத்தான்.

"குடிக்கிறன் எண்டு மாமிக்கிட்ட சொல்லு."

லைலா இரண்டு சோத்துப் பார்சல் கட்டி மேசையில் வைத்தாள். ஒன்று மருமகனுக்கு, ஒன்று மகனுக்கு.

"ரெண்டுக்குள்ளயும் ஒரே மீன் ஆணம்தான். ஆருக்கும் கூடக் குறைய வைக்கல்ல."

"அவன் லிங்கநகர்ல கூட்டாளி நிப்றாஸ்ட அறையில இரிக்கான் உம்மா. பக்கத்துல சாப்பாட்டுக் கடை இரிக்கு," என்றாள் ஹுஸ்னியா.

"கடைச் சோறு அவனுக்குத் தொண்டைக்குள்ள இறங்காது. நேத்து ஃபோன் எடுத்தன். குரல் அடைச்சிக் கிடந்த. காய்ச்சலா மகன் எண்டு கேட்டன், இல்ல எண்டுட்டு வச்சிட்டான்." லைலா முந்தானையால் கையைத் துடைத்தாள். "கையில குடு புள்ள. மேசையில வச்சிட்டு வராத. கையில குடு."

மோட்டார் சைக்கிளில் போகும்போது ஸஜ்ஜாத் வழக்கத்துக்கு மாறாக மெதுவாக ஓட்டினான். கடற்கரை வீதியில் மான்கள் இரண்டு குறுக்கே நின்றன. அவை நகரும்வரை காலை ஊன்றி நின்றவன், திரும்பாமலே பேசினான்.

"ஹுஸ்னி, உனக்கிட்ட ஒரு கதை சொல்லோணும்."

"சொல்லுங்க மச்சான்."

மான் நகர்ந்துவிட்டது. ஸஜ்ஜாத்தின் தைரியமும் அதோடு போய்விட்டது.

"பிறகு சொல்றன். நீ சும்மா சும்மா அந்த ஸ்கிறீனைப் பாத்துக்கொண்டிராத. அது மெஷின். அதுக்கு என்ன தெரியும்?"

ஹுஸ்னியா சிரித்துக்கொண்டாள். புருஷனுக்கு வெட்கம் என்று நினைத்தாள். அவள் நினைத்தது பிழை.

* * *

துறைமுகத்துக் கம்பனியின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும். கூடை நிறையக் கறுப்புக் கால்பட்டிகள். வேலைக்குப் போகிறவர்கள் ஆளுக்கொன்றை எடுத்துக் கணுக்காலில் மாட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டும். எந்தப் பட்டியிலும் பெயர் இல்லை, எதை எடுத்தாலும் சரி.

அதற்குப் பற்றரியும் கிடையாது. நடக்கிற நடையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொருவரும் காலை ஊன்றுகிற விதம் வேறு என்பதால் அந்த மின்சாரத்தின் துடிப்பும் ஆளுக்காள் வேறு. முதலில் ஒருமுறை நடந்து பதிந்துவிட்டால், பிறகு கொஞ்சத் தூரம் நடந்தால் போதும், இது இன்னார் என்று கணினி கண்டுபிடித்துவிடும். இதைப் பூட்டக் கொழும்பிலிருந்து வந்தவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கார்டை இரவல் கொடுக்கலாம், நடையை எப்படி இரவல் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள்.

மூட்டை சுமக்கிற ஆண்பிள்ளைகள் அந்தப் பட்டிக்குக் கொலுசு என்று பெயர் வைத்துவிட்டார்கள். "கொலுசு போட்டாச்சா மச்சான்?" என்று கேட்காமல் அந்த வாசலில் ஒரு காலை விடிவதில்லை.

ஹுஸ்னியா மாட்டிக்கொண்டு நடந்தாள். வாசல் கீச்சிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டது.

"இண்டைக்கும் உன்னைத் தெரியாதாம்," என்றாள் காவலுக்கு இருக்கும் ரிஸ்லா. "வயித்துக்குள்ள இரிக்கிறது வளர வளர உன்ட நட மாறுது. புள்ள பெத்து முடியும்வரைக்கும் இந்த மெஷினுக்கும் உனக்கும் சண்டைதான்."

ரிஸ்லா கையால் கதவைத் திறந்துவிட்டாள். ஹுஸ்னியா றிப்தியின் பார்சலை நீட்டினாள்.

"தம்பி பகல் சாப்பாட்டுக்கு வந்தா குடுத்திரு. நான் நிண்டா வாங்கமாட்டான்."

கையில் கொடு என்று உம்மா சொன்னது ஞாபகம் வந்தது. இருந்தும் மேசையில்தான் வைத்தாள். தம்பி எல்லோர் முன்னாலும் முகத்தைத் திருப்பிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

* * *

கர்ப்பிணி வெயிலில் நிற்கக் கூடாது என்று அவளை மாடி அறைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே சுவர் அளவு ஒரு திரை. வேலைக்கு வந்தவர்களின் பெயர் எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். நடப்பவன் பெயர் பச்சை. நின்றாலோ இருந்தாலோ பட்டிக்கு மின்சாரம் இல்லை, பெயர் சாம்பல் நிறமாகிவிடும். வேலை நேரத்தில் அதிக நேரம் சாம்பலாகவே கிடந்தால் சிவப்பாகி மணி அடிக்கும். ஆள் எங்கே நிற்கிறான் என்பதை அது காட்டாது. நடக்கிறானா இல்லையா என்பது மட்டும்தான்.

ஹுஸ்னியாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. 'ஸஜ்ஜாத்' என்ற பெயர் பச்சையாகும்போதெல்லாம் மனம் குளிர்ந்துபோவாள். "பத்து மணிபோல எங்க அவ்வளவு அவசரமா போனீங்க?" என்று வீட்டில் வந்து கேட்பாள். அவன் ஒரு கணம் விழித்துவிட்டுச் சும்மா என்பான்.

இன்று ஸஜ்ஜாத்துக்குப் பாரப்படகில் வேலை. உள்துறைமுகத்தில் நிற்கும் கப்பலிலிருந்து சோள மூட்டைகளை இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். றிப்திக்கு இரண்டாம் கிட்டங்கியில் மூட்டை அடுக்குகிற வேலை. முன்பெல்லாம் மச்சானும் மச்சானும் ஒரே கூட்டத்தில் ஒன்றாகத்தான் சுமந்தார்கள். சண்டைக்குப் பிறகு ஸஜ்ஜாத் தானே கேட்டுப் படகுக்கு மாறிக்கொண்டான்.

காலையில் ஸஜ்ஜாத்தின் பெயர் பச்சையாவதும் அணைவதுமாக இருந்தது. பிறகு சாம்பலாகவே நின்றுவிட்டது. படகில் இருந்து போகிறார் போல என்று அவள் விட்டுவிட்டாள். றிப்தியின் பெயரோ ஓயாமல் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. கோபக்காரன் மூட்டையில் தன் கோபத்தைக் காட்டுகிறான் என்று நினைத்து, கொஞ்சம் கவலையும் பட்டாள்.

பகல் சாப்பாடும் தொழுகையும் முடிந்து வாசலுக்கு இறங்கிப் போனாள். பார்சல் வைத்த இடத்திலேயே இருந்தது.

"மான் ரெண்டு தரம் வந்து மணந்து பாத்திட்டுப் போயிட்டு," என்றாள் ரிஸ்லா. "உன்ட தம்பிதான் வரல்ல."

உம்மா கட்டிய சோற்றைக் கூடத் தொடமாட்டான் என்றால் எவ்வளவு கோபம். ஹுஸ்னியா பார்சலை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

கச்சான் காற்று கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, மருந்து போடும் ஆட்கள் கொழும்பிலிருந்து வேன் ஒன்றில் வந்து இறங்கினார்கள். கிட்டங்கிச் சோளத்தில் வண்டு. மூட்டைகளைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடி, அடியில் மருந்து வில்லைகளை வைத்து, கதவு இடுக்கெல்லாம் டேப் ஒட்டிப் பூட்டிவிடுவார்கள். வில்லையிலிருந்து மெல்ல மெல்ல வாயு கிளம்பும். அதற்குள் வண்டு மட்டும் அல்ல, மூச்சு விடுகிற எதுவும் பிழைக்காது. நாலைந்து நாளைக்குக் கதவு திறக்கமாட்டார்கள்.

பூட்டுவதற்கு முன்னால் சங்கு ஊதும். கிட்டங்கிக்காரர்கள் எல்லோரும் நடந்து கொடிமரத்தடிக்கு வரவேண்டும். மாடியில் இருப்பவர் திரையைப் பார்த்து, கிட்டங்கிக்காரர் பெயர் எல்லாம் பச்சையாக நடக்கிறதா என்று உறுதி சொல்லவேண்டும். சாம்பலாக ஒரு பெயர் இருந்தாலும் போய்ப் பார்த்த பிறகுதான் கதவு சாத்துவார்கள்.

சங்கு ஊதியது. வோக்கி டோக்கியில் கிட்டங்கி மேற்பார்வையாளர் பக்கீர் நானா வந்தார்.

"புள்ள ஹுஸ்னியா, எல்லாரும் வந்திட்டாங்க. உன்ட தம்பியத்தான் இங்க காணல்ல. மேலுக்குச் சுகமில்ல எண்டு காலையில சொன்னவன். அங்க என்ன காட்டுது?"

ஹுஸ்னியா திரையைப் பார்த்தாள். 'றிப்தி' பச்சை. நல்ல உறுதியான பச்சை.

"நடக்கிறான் நானா. பச்சையாத்தான் இரிக்கு. எங்கட கண்ணுல படாம எங்கயாவது சுத்துறான் போல."

"அப்ப சரி. பூட்டட்டா?"

"ஓம். ரெண்டாம் கிட்டங்கிக்குள்ள ஆளில்ல."

அவள் வாயால் சொன்ன சொல் அது. வழக்கமாகச் சொல்வதுபோல் சொன்னாள்.

* * *

மணி அடித்தபோது அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பெயர் சிவப்பாகியிருந்தது.

ஸஜ்ஜாத்.

காலையில் சாம்பலான பெயர். பகல் இடைவேளை முடிந்து எல்லோரும் நடக்கத் தொடங்கிய பிறகும் அது மட்டும் எழும்பவில்லை. இவ்வளவு நேரமாகவா? ஒரு மனிதன் இவ்வளவு நேரம் காலை அசைக்காமல் என்ன செய்வான்? அதுவும் படகில்?

கையிலிருந்த போத்தல் நழுவியது. பாதுகாப்பு அதிகாரி இராகுலன் மணிச் சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து வந்தார். சாம்பல்தீவு ஆள். எதற்கும் பதறாதவர் என்று பெயர் எடுத்தவர். பெயரை வாசித்ததும் அவருடைய முகமும் மாறியது.

"உங்கட அவரல்லோ இது? எங்க வேலை இண்டைக்கு?"

"பாரப்படகுல சேர்."

"இருங்கோ தங்கச்சி. பயப்பிடாதேங்கோ."

வோக்கியில் படகைக் கூப்பிட்டார். இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடியும் கூப்பிட்டார். படகின் இயந்திரச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்டிருக்காது. ஆனால் ஹுஸ்னியாவுக்கு அப்படி நினைக்கத் தோன்றவில்லை. மூட்டைக்கும் படகு விளிம்புக்கும் நடுவே கால் வைக்கச் சாண் இடம்தான் இருக்கும் என்று ஸஜ்ஜாத் ஒருமுறை சொல்லியிருந்தான். திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழம் அந்த ஊரில் பிறந்த யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இராகுலன் வேகப்படகை அனுப்பச் சொன்னார். "நீந்தக்கூடிய ரெண்டு பேர் போங்கோ," என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது அவள் காதில் விழுந்தது. யா அல்லாஹ், இவரை எனக்குத் தா என்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வேறு எதுவும் அவள் மனதில் ஓடவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. வோக்கி கரகரத்தது.

"படகில இருந்து கதைக்கிறன். ஆரைச் சேர் தேடுறீங்க?"

ஸஜ்ஜாத்தின் குரல்.

ஹுஸ்னியா கதிரையில் விழுந்து அழுதாள். இராகுலன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஐசே, எங்க நிக்கிறீர்? இங்க உம்மட பேர் காலையில இருந்து அசையாமக் கிடக்குது."

"நான் இங்கதான் சேர் நிக்கிறன். விடிஞ்சதுல இருந்து மூட்டையோட ஏறி இறங்கிறன். குந்தக்கூட நேரமில்ல."

"அப்ப மெஷின் பிழை." இராகுலன் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "காலையில உங்களையும் தெரியேல்லை எண்டுதானே நிண்டது. இதை நம்பி நாங்கள் கடலைக் கிண்டப் பாத்தம்."

அவளும் அழுதபடியே சிரித்தாள். மணியை நிறுத்தக் கை நீட்டினாள்.

வோக்கி மறுபடி கரகரத்தது. ஸஜ்ஜாத் இன்னும் போகவில்லை.

"சேர், அசையாமக் கிடக்கிறது என்ட பேரா?"

"ஓம், உம்மட பேர்தான்."

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி அவன் யாரிடமோ கத்துவது கேட்டது.

"ஹுஸ்னி அங்க நிக்கிறாளா?"

"நிக்கிறன் மச்சான். என்னை உயிரோட கொல்லப் பாத்தீங்க."

"றிப்தி எங்க?"

"அவனுக்கு என்ன? காலையில இருந்து ஓயாம நடக்கிறான். இப்பவும் பச்சையாத்தான் இரிக்கு."

"ஹுஸ்னி," என்றான் ஸஜ்ஜாத். "அது நான்."

அவளுக்கு விளங்கவில்லை. இராகுலனுக்கும் விளங்கவில்லை. ஸஜ்ஜாத் இப்போது அவசரமாகப் பேசினான், வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன.

"பெரியவாப்பா மௌத்தான அண்டைக்குத்தான் சேர் என்ட நடையைப் பதியிற நாள். லீவு இல்ல எண்டுட்டாங்க. றிப்திதான் சொன்னான், நீங்க போய்ச் சந்தூக்குக்குத் தோள் குடுங்க மச்சான், நடக்கிறது ஒரு வேலையா, உங்கட பேருக்கு நான் நடக்கிறன் எண்டு. அடுத்த நாள் அவன்ட முறை. அவன்ட பேருக்கு நான் நடந்து குடுத்தன். ஒரே கூட்டம், ஒரே சம்பளம், ஆர் எந்தப் பேர்ல இருந்தா என்ன எண்டு விட்டுட்டம். சேர், அங்க றிப்தி எண்டு நடக்கிறது நான். ஸஜ்ஜாத் எண்டு கிடக்கிறது அவன்."

மற்றவன் பெயரில் நடந்தால் இருவரையும் அன்றே வீட்டுக்கு அனுப்புவோம் என்று வாசலில் மூன்று மொழியிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். வோக்கியில் சொல்வது துறைமுகம் முழுக்கக் கேட்கும் என்பதும் ஸஜ்ஜாத்துக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான். ஒரு கிழமைக்கு முன் அவன் பேசிய பேச்சை, இந்தக் கதையைச் சொல்கிற நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் இதையும் எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

ஹுஸ்னியாவின் கண் திரையில் ஒரு பெயரிலிருந்து மற்றதுக்குப் போனது. பிறகு ஜன்னல் வழியாகக் கிட்டங்கிப் பக்கம் போனது.

"சேர்," என்றாள். "சேர், நான் ஆளில்ல எண்டு சொல்லிட்டன்."

இராகுலன் மேசையிலிருந்த ஒலிவாங்கியை அவள் கையில் திணித்தார்.

"நாளைக்கு இதுக்கு எல்லாரும் பதில் சொல்ல வேணும். இப்ப இதில கத்துங்கோ. மருந்துக்காரரிட்ட வோக்கி இல்லை."

படிகளில் அவருடைய சப்பாத்துச் சத்தம் இறங்கி ஓடியது.

ஹுஸ்னியா கத்தினாள். "ரெண்டாம் கிட்டங்கியத் திறங்க. உள்ளுக்கு ஆள் இரிக்கு. கதவைத் திறங்க." தமிழில் சொன்னாள், தெரிந்த சிங்களத்தில் சொன்னாள், மறுபடி தமிழில் சொன்னாள். ஒலிபெருக்கியில் அவளுடைய குரல் கடலில் பட்டுத் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் ஆளில்லை என்று சொன்னதும் இதே குரல்தான்.

திரையில் 'றிப்தி' சாம்பலானது. ஸஜ்ஜாத் வேகப்படகில் ஏறியிருப்பான். இப்போது இரண்டு பெயரும் அசையவில்லை. ஒருவர் கடலில் வருகிறார். மற்றவன் எப்படி இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

"பின்கதவில முதலே ஒட்டின டேப்பைக் கிழிக்கினம்," என்றது வோக்கி. இராகுலனுக்கு மூச்சு வாங்கியது. "பாதி மூட்டைக்கு வில்லை வச்சிட்டினமாம். முகமூடி இல்லாம ஒருத்தரையும் விடமாட்டினமாம். ரெண்டு முகமூடிதான் இருக்குது. பக்கீர் நானா ஒண்டைப் பறிச்சுப் போட்டுக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டார்."

"தம்பிக்குக் காய்ச்சல் சேர். உம்மா சொன்னவ. குரல் அடைச்சிருந்ததாம். நான்தான் கணக்கெடுக்கல்ல."

"இருங்கோ, இருங்கோ." தூரத்தில் யாரோ றிப்தி, றிப்தி என்று கூப்பிடுவது கேட்டது. முகமூடிக்குள்ளிருந்து வரும் குரல், பானைக்குள் பேசுகிற மாதிரி. பிறகு அதுவும் நின்றது.

ஹுஸ்னியா மேசையிலிருந்த பார்சலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"கண்டிட்டினம்," என்றார் இராகுலன். "கடைசி அடுக்குக்குப் பின்னால. சாக்கை விரிச்சு, உடுப்பு பேக்கைத் தலைக்கு வச்சுப் படுத்திருக்கிறார்."

"உசிரு?"

"தூக்குகினம். பொறுங்கோ."

உடுப்பு பேக்கா? நிப்றாஸின் அறையில் இருக்கிறவன் வேலைக்கு வரும்போது உடுப்பு பேக்கைச் சுமந்துகொண்டு ஏன் வரவேண்டும்? லிங்கநகரில் அவன் இல்லை. இந்தக் கிழமை முழுக்க அவன் எங்கே படுத்தான், எங்கே சாப்பிட்டான்? தன் பெயரில் ஒரு வீடு இருக்கிறது, அதில் ஓர் அறை பூட்டியபடி கிடக்கிறது என்பது ஹுஸ்னியாவுக்கு அப்போது முள்ளாகக் குத்தியது.

'றிப்தி' பச்சையானது. ஸஜ்ஜாத் கரையேறிவிட்டான். அந்தப் பச்சை இதுவரை அவள் கண்டிராத வேகத்தில் துடித்தது. நடையல்ல, ஓட்டம்.

கைபேசி அடித்தது. உம்மா. அஸர் தொழுது முடித்ததும் தினமும் எடுப்பாள், தினமும் ஒரே கேள்விதான். எடுக்காமல் விட்டால் இன்னும் பயப்படுவாள். ஹுஸ்னியா முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"மகள், றிப்தி சோறு எடுத்தானா?"

அவள் திரையில் சிவந்து கிடந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஸஜ்ஜாத்'. இவ்வளவு காலமும் புருஷன் என்று எண்ணிப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பெயர். அது தம்பியின் கால்.

அந்தப் பெயர் பச்சையானது.

மங்கலாக ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. யாரோ அவனை நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்கள், அவன் காலை நிலத்தில் ஊன்றியிருக்கிறான்.

"நடக்கிறான் உம்மா," என்றாள். கண்ணீர் வாய்க்குள் போனது. "தம்பி நடக்கிறான்."

"நடக்கிறதை ஆரு கேட்ட? சாப்பிட்டானா எண்டுதானே கேட்டனான். கையில குடுத்தியா?"

ஹுஸ்னியா மடியிலிருந்த பார்சலைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது பச்சை அணைந்திருந்தது. வோக்கியில் யாரும் பேசவில்லை.